பர்பரி: ரொட்டி, மக்கள், ஊர்கள் – ஒரு சொல்லின் பல பொருள்கள்

பர்பரி என்பது ஈரான் நாட்டில் பரவலாக உண்ணப்படும் ஒருவகைக் கோதுமை ரொட்டியின் பெயர். அதே சொல் ஆப்கானிஸ்தானின் நடுப்பகுதி மலைநாட்டிலிருந்து ஈரானுக்குக் குடிபெயர்ந்த ஹசாரா மக்களையும் குறித்து வந்தது. இதனோடு ஒலியால் ஒன்றுபடும் பெயர்கள் உலகின் பல பகுதிகளில் உள்ளன. வட ஆப்பிரிக்காவின் பெர்பெர் மக்கள், அவர்கள் வாழும் பார்பரிக் கடற்கரை, சோமாலிலாந்தின் பெர்பரா துறைமுகம், சூடானின் பெர்பெர் நகரம், சிந்து நதியின் முகத்துவாரத்தில் இருந்த பழைய பார்பரிகோன் துறைமுகம், வட இந்தியாவின் பர்பரி ஆட்டினம் ஆகியவை அவற்றுள் சில. பழைய தமிழ் வழக்கில் உள்ள 'பப்பரம்', 'பப்பரவர்' என்னும் சொற்களும் இவ்வரிசையில் சேர்வனவே.

ஒரு சொல் ரொட்டிக்கும் மக்களுக்கும் ஊருக்கும் பெயரானது எப்படி என்று ஆராய்ந்தால், மனிதர்கள் தம் மொழி பேசாத பிறரை எவ்வாறு பார்த்தார்கள், எவ்வாறு அழைத்தார்கள் என்ற வரலாறு தெரியவருகிறது.

சொல்லின் பிறப்பு

நமக்குப் புரியாத மொழியில் ஒருவர் விரைவாகப் பேசும்போது, சொற்கள் தனித்தனியே காதில் விழுவதில்லை. ஒரே ஒலி திரும்பத் திரும்ப வருவது போலத் தோன்றும். பண்டைய கிரேக்கர்களின் காதுக்கு அது 'பர்பர்' என்று கேட்டது. அதிலிருந்து 'பார்பரோஸ்' என்ற சொல் பிறந்தது. கிரேக்கம் பேசாதவர் என்பதே அதன் முதற்பொருள். தமிழில் 'சளசள', 'தொணதொண', 'முணுமுணு' என்பன போன்ற இரட்டைக்கிளவிகள் ஒலிக்குறிப்பாக அமைவதைப் போன்றதே இதுவும்.

ஓமரின் இலியட் காவியத்தில் டிராய் நகரத்தாருக்குத் துணையாக வந்த படைகள் வரிசைப்படுத்தப்படும் இடத்தில், காரியர் என்ற இனத்தார் 'பர்பர் மொழி பேசுவோர்' என்னும் பொருள்தரும் அடைமொழியோடு குறிப்பிடப்படுகின்றனர். இங்கு குறிக்கப்படுவது பேச்சு மட்டுமே. நாகரிகக் குறைவோ கொடுமையோ அந்த அடைமொழியில் இல்லை. பிற்காலப் புவியியலாளர் ஸ்ட்ராபோ இதே அடைமொழியை எடுத்துக்கொண்டு, இச்சொல் ஒலிக்குறிப்பாகப் பிறந்தது என்று விளக்குகிறார்.

வடமொழியிலும் 'பர்பர' என்ற சொல் உண்டு. திக்கிப் பேசுதல், தெளிவற்ற பேச்சு என்ற பொருளும், ஓர் அயல் இனத்தாரின் பெயர் என்ற பொருளும் அதற்கு உள்ளன. மகாபாரதத்தில் வரும் அயல் இனங்களின் பட்டியல்களில் யவனர், சகர் முதலியோரோடு பர்பரரும் இடம்பெறுகின்றனர். அரபு மொழியிலும் 'பர்பர' என்ற வினைச்சொல் புரியாதபடி முணுமுணுப்பதைக் குறிக்கிறது. ஒரு மொழியிலிருந்து மற்றொன்று கடன் வாங்கியிருக்கலாம் என்றாலும், ஒலிக்குறிப்பாகப் பிறக்கும் சொல் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் தனித்தனியே தோன்றுவதும் இயல்பே.

வசைச்சொல்லாக மாறிய வரலாறு

கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் கிரேக்கர்களுக்கும் பாரசீகப் பேரரசுக்கும் இடையே பெரும் போர்கள் நடந்தன. கி.மு. 490-இல் மராத்தான் போரும், கி.மு. 480-இல் சலாமிஸ் கடற்போரும் நிகழ்ந்தன. இப்போர்களுக்குப் பிறகு 'பார்பரோஸ்' என்ற சொல் பெரும்பாலும் பாரசீகர்களையே குறிக்கத் தொடங்கியது. அதனோடு அடிமைப் புத்தி, கொடுமை, ஆடம்பரம், கட்டுப்பாடின்மை போன்ற குறைகளும் ஏற்றப்பட்டன.

மராத்தான் போரில் பங்கேற்றவரான நாடகாசிரியர் ஈஸ்கிலஸ் கி.மு. 472-இல் 'பாரசீகர்கள்' என்ற நாடகத்தை அரங்கேற்றினார். அதில் பாரசீகக் கதைமாந்தர்களே தம் படையைப் 'பார்பரோஸ்' என்று சொல்கின்றனர். உண்மையில் எந்தப் பாரசீகரும் தம்மை அவ்வாறு அழைத்துக்கொண்டிருக்க மாட்டார். ஒருவருக்குப் பிறர் இட்ட பெயர், அவர் வாயிலேயே ஏற்றப்படுவதற்கு இது பழமையான எடுத்துக்காட்டு. அடுத்த நூற்றாண்டில் அரிஸ்டாட்டில், அயலாரும் அடிமைகளும் இயல்பில் ஒன்றே என்ற கருத்தைத் தம் 'அரசியல்' நூலில் ஏற்று எழுதும் அளவுக்கு அச்சொல்லின் பொருள் கடுமையாகிவிட்டது.

இங்கு ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். 'பர்பர்' என்று உளறுவோராகக் கருதப்பட்ட பாரசீகர்கள் எழுத்தறியாதவர்கள் அல்லர். மன்னர் முதலாம் டேரியஸ் பெகிஸ்தூன் மலைப்பாறையில் பழம்பாரசீகம், ஈலாமியம், பாபிலோனியம் ஆகிய 3 மொழிகளில் தம் வரலாற்றைப் பொறித்து வைத்தார். ஒரே ஆணையைப் பல மொழிகளில் வெளியிடத் தெரிந்த அரசையே, ஒரு மொழி மட்டும் அறிந்தவர்கள் 'பேசத் தெரியாதவர்' என்றனர்.

உரோமானியர்களின் கதை வேறு வகையானது. தொடக்கத்தில் கிரேக்கர்களின் பார்வையில் அவர்களும் 'பார்பரோஸ்' கூட்டத்தாரே. கிரேக்க நாடகங்களை இலத்தீனில் ஆக்கிய பிளாட்டஸ், தாம் 'பார்பர மொழியில்' பெயர்த்ததாக வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டார். உரோம் பேரரசானதும் அதே உரோமானியர்கள் செர்மானிய இனங்களையும் பிற எல்லைப்புற மக்களையும் 'பார்பரி' என்று அழைக்கத் தொடங்கினர். நேற்று வசையை வாங்கியவர் இன்று அதே வசையை இன்னொருவருக்கு வழங்கினார்.

மொழியால் மனிதரைப் பிரித்தல்

இவ்வழக்கம் கிரேக்கர்களுக்கு மட்டும் உரியதன்று. வடமொழியில் 'மிலேச்ச' என்ற சொல்லும் பேச்சுத் திருத்தமின்மையிலிருந்தே தொடங்குகிறது. சதபத பிராமணத்தில் அசுரர்கள் சொற்களைத் தவறாக ஒலித்ததால் தோற்றனர் என்றும், அத்தகைய பேச்சே மிலேச்சப் பேச்சு என்றும் கூறப்படுகிறது. பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான முல்லைப்பாட்டில், அரசனின் பாசறையில் காவல் செய்யும் மிலேச்சர் வருகின்றனர். அவர்கள் நாவால் பேசாமல் உடற்குறிப்பால் கருத்தை உணர்த்துவோராகக் காட்டப்படுகின்றனர். அவர்கள் பேசத் தெரியாதவர்கள் அல்லர். பேசினால் கேட்பவருக்குப் புரியாது என்பதே பொருள்.

அரபு மொழியில் 'அஜம்' என்ற சொல் முதலில் தெளிவாக அரபு பேசாதவரைக் குறித்தது. பின்னர் சிறப்பாகப் பாரசீகர்களைக் குறிப்பதாயிற்று. ருசிய மொழியில் செர்மானியரைக் குறிக்கும் 'நெமெத்ஸ்' என்ற சொல் 'ஊமை' என்ற பொருளுடைய சொல்லோடு தொடர்புடையது. ஆக, கிரேக்கர்களும் அரபியர்களும் தத்தம் காலத்தில் பாரசீகர்களைப் 'பேச்சு விளங்காதவர்' என்றே பெயரிட்டு அழைத்துள்ளனர்.

இன்று 'பார்பேரியன்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் 'காட்டுமிராண்டி' என்று பெயர்க்கிறோம். பிற்காலப் பொருளுக்கு அது பொருந்தும். ஆனால் காடு என்ற கருத்து மூலச்சொல்லில் இல்லை. மூலச்சொல் சுட்டுவது வேற்றுமொழி பேசுவதை மட்டுமே. பழைய நூல்களின் மொழிபெயர்ப்புகளைப் படிக்கும் மாணவர்கள் இவ்வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

ஊர்ப் பெயர்களும் கடற்கரைகளும்

கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய 'எரித்திரேயக் கடல் பெரிப்ளஸ்' என்ற கடல்வழி நூல் தமிழக வரலாற்று மாணவர்களுக்கு நன்கு அறிமுகமானது. முசிறி, நெல்கிண்டா ஆகிய மேலைக்கரைத் துறைமுகங்களையும், கமரா, பொதுகே, சோபட்மா ஆகிய கீழைக்கரைத் துறைமுகங்களையும் அந்நூல் குறிப்பிடுகிறது. அதே நூலில் 'பர்பர்' என்ற வேர் 2 வெவ்வேறு இடங்களில் வருகிறது.

முதலாவது, செங்கடலின் மேற்குக் கரையிலிருந்து ஆப்பிரிக்காவின் கொம்பு எனப்படும் பகுதி வரையுள்ள 'பார்பாரியா'. சாம்பிராணி, வெள்ளைப்போளம் முதலிய நறுமணப் பொருள்கள் இக்கரையிலிருந்து ஏற்றுமதியாயின. அங்கிருந்த மலாவோ என்னும் துறைமுகம் இன்றைய பெர்பரா என்று அறிஞர்கள் கொள்கின்றனர். பெர்பரா என்ற ஊர்ப்பெயர் அந்தப் பழைய நாட்டுப்பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது.

இரண்டாவது, சிந்து நதியின் முகத்துவாரத்தில் இருந்த 'பார்பரிகோன்'. இது இன்றைய பாகிஸ்தானின் கராச்சிக்கு அருகிலுள்ள பகுதி. மெல்லிய துணிகள், பவளம், கண்ணாடிப் பாத்திரங்கள், வெள்ளி, பொன் கலன்கள், சிறிதளவு மது ஆகியவை இங்கு இறக்குமதியாயின. கோஷ்டம், குங்கிலியம் போன்ற பிசின், நீலக்கல் வகைகள், பருத்தித்துணி, பட்டுநூல், அவுரிச் சாயம் ஆகியவை ஏற்றுமதியாயின. வடமொழி நூல்கள் குறிப்பிடும் பர்பரரையும் இந்தத் துறைமுகத்தின் பெயரையும் இணைத்துப் பார்ப்பது வழக்கம்.

வடமொழிப் 'பர்பர' பிராகிருதத்தில் 'பப்பர' என்றாகும். 'தர்மம்' 'தம்மம்' ஆவதைப் போன்ற மாற்றம் இது. அவ்வழியே தமிழில் 'பப்பரம்', 'பப்பரவர்' ஆகிய வடிவங்கள் வழங்கின. பழைய மரபில் எண்ணப்படும் 56 தேசங்களுள் பப்பரமும் ஒன்று.

14-ஆம் நூற்றாண்டில் உலகைச் சுற்றிய இபன் பதூதா சோமாலிக் கரையிலுள்ள சைலா நகரை அடைந்தபோது, அங்கு வாழும் மக்களைப் 'பர்பரா' என்று குறித்தார். இவர் மொராக்கோவின் தாஞ்சியர் நகரில் 1304-இல் பிறந்தவர். லவாத்தா என்னும் பெர்பெர் குலத்தைச் சேர்ந்தவர். ஆப்பிரிக்காவின் வடமேற்கு மூலையில் பர்பர் என்று அழைக்கப்பட்ட இனத்தவர் ஒருவர், கிழக்கு மூலையில் மொழியாலும் தோற்றத்தாலும் வேறுபட்ட வேறோர் இனத்தவரை அதே பெயரால் குறித்தார். ஒரே பெயர் இருப்பதனால் மட்டும் இரு மக்களும் ஒரே இனத்தவர் என்று முடிவுகட்டக் கூடாது என்பதற்கு இது தக்க சான்று. பின்னாளில் இதே இபன் பதூதா இலங்கையிலிருந்து கப்பலேறி, சோழமண்டலக் கரையில் இறங்கி, மதுரை சுல்தானிடம் சென்று தங்கினார் என்பது தமிழக வரலாற்றில் படிக்கும் செய்தி.

பெர்பரா துறைமுகம் பிரித்தானிய சோமாலிலாந்தின் தலைநகராக 1941 வரை விளங்கியது. இரண்டாம் உலகப் போரில் 1940 ஆகஸ்டில் இத்தாலியப் படை அதைக் கைப்பற்றியது. 1941 மார்ச்சில் பிரித்தானியர் மீட்டனர். நைல் நதிக்கரையில் சூடானிலுள்ள பெர்பெர் நகரம் வேறு. செங்கடலின் சுவாக்கின் துறைமுகத்திலிருந்து வரும் பாலைவன வழி நைல் நதியைத் தொடும் இடமாக அது இருந்ததால் வணிகத்தில் சிறந்தது. 1884-இல் மகுதி படையினர் அதைக் கைப்பற்றினர்.

பெர்பெர் மக்களும் 'அமாசிக்' என்ற பெயரும்

வட ஆப்பிரிக்காவின் தொன்மையான குடிகளை உரோமானியர்கள் மவுரி, நுமிடியர் எனப் பல பெயர்களால் அழைத்தனர். 7-ஆம் நூற்றாண்டில் அரபியர் அங்கு வந்தபின் 'பர்பர்' என்பது அவர்கள் அனைவருக்கும் பொதுப்பெயராக நிலைத்தது. ஐரோப்பியர் அந்தக் கரை முழுவதையும் 'பார்பரிக் கடற்கரை' என்றனர். மொராக்கோ, அல்ஜியர்ஸ், தூனிஸ், திரிப்போலி ஆகியவை பார்பரி அரசுகள் எனப்பட்டன. இவ்வரசுகளைச் சார்ந்த கடற்கொள்ளையர் ஐரோப்பியக் கப்பல்களைப் பிடித்து, அதிலுள்ளோரைச் சிறைவைத்து மீட்புப்பணம் பெற்றனர். எசுப்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸ் 1575 முதல் 1580 வரை அல்ஜியர்ஸில் கைதியாக இருந்தார். அமெரிக்க ஐக்கிய நாடு 1801–1805 ஆண்டுகளிலும் 1815-இலும் இவ்வரசுகளோடு நடத்திய போர்கள் 'பார்பரிப் போர்கள்' எனப்படுகின்றன.

தூனிஸில் 1332-இல் பிறந்த வரலாற்றறிஞர் இபன் கல்தூன், பெர்பெர் பெயருக்குச் சொல்லப்பட்ட ஒரு கதையைப் பதிவு செய்துள்ளார். யேமன் நாட்டு மன்னன் ஒருவன் அம்மக்களின் பேச்சைக் கேட்டு, 'என்ன பர்பர் இது!' என்று வியந்ததால் அப்பெயர் வந்தது என்பது அக்கதை. அதே இபன் கல்தூன் அம்மக்கள் நிறுவிய அரசுகளின் பெருமையை விரிவாக எழுதி, அவர்களின் வரலாற்றுக்கே முதன்மையான சான்றாகத் திகழும் நூலையும் தந்தார்.

பெர்பெர் மக்கள் தம்மை அழைத்துக்கொள்ளும் பெயர் 'அமாசிக்', பன்மையில் 'இமாசிகென்'. சுதந்திர மனிதர் என்று அதற்குப் பொருள் கூறுவர். இவர்களுக்குத் தொன்மையான எழுத்தும் உண்டு. தூனிசியாவின் துக்கா என்ற இடத்தில் கிடைத்த, பியூனிக் மொழியிலும் லிபிய மொழியிலும் பொறித்த இருமொழிக் கல்வெட்டு பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. அந்த லிபிய எழுத்தின் வழிவந்ததே இன்றைய திபினாக் எழுத்து.

இருபதாம் நூற்றாண்டில் தம் மொழிக்கும் பெயருக்கும் உரிமை கேட்டு இம்மக்கள் போராடினர். 1980 மார்ச்சில் அல்ஜீரியாவின் திசி உசூ பல்கலைக்கழகத்தில் எழுத்தாளர் மவுலூத் மம்மெரி பழைய கபில் மொழிக் கவிதை பற்றி ஆற்றவிருந்த உரைக்கு அரசு தடை விதித்தது. கவிதை பற்றிய ஓர் உரைக்கு வந்த தடையே பெருங்கிளர்ச்சிக்கு வித்திட்டது. அக்கிளர்ச்சி 'பெர்பெர் வசந்தம்' எனப்படுகிறது. 2001-இல் மீண்டும் எழுந்த கிளர்ச்சியில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2002-இல் தமாசிக்த் மொழி அல்ஜீரியாவின் தேசிய மொழிகளுள் ஒன்றாகவும், 2016-இல் ஆட்சிமொழியாகவும் ஏற்கப்பட்டது. மொராக்கோ 2011-ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் அதனை ஆட்சிமொழியாக்கியது. அம்மக்களின் புத்தாண்டான யென்னாயர் அல்ஜீரியாவில் 2018 முதலும், மொராக்கோவில் 2024 முதலும் பொது விடுமுறை.

பர்பரி எனப்பட்ட ஹசாரா மக்கள்

ஆப்கானிஸ்தானின் நடுவே, பாமியான் பள்ளத்தாக்கை உள்ளிட்ட மலைநாட்டில் வாழ்பவர்கள் ஹசாரா மக்கள். பாரசீக மொழியின் ஒரு கிளையான ஹசாராகி இவர்களின் மொழி. பெரும்பாலோர் ஷியா முஸ்லிம்கள். 'ஹசார்' என்றால் பாரசீகத்தில் ஆயிரம். மங்கோலியப் படையின் ஆயிரவர் பிரிவோடு இப்பெயரை இணைத்துக் கூறுவர். 'ஹசார்' என்பது வடமொழி 'சகஸ்ர' என்பதன் உறவுச்சொல்.

ஆப்கானிஸ்தானை 1880 முதல் 1901 வரை ஆண்ட அமீர் அப்துர் ரகுமான் கான், தனித்து இயங்கிய ஹசாரா நாட்டைத் தம் நேரடி ஆட்சியின்கீழ்க் கொண்டுவர முயன்றார். 1891 முதல் 1893 வரை ஹசாரா மக்கள் எதிர்த்துப் போரிட்டுத் தோற்றனர். பலர் கொல்லப்பட்டனர், பலர் அடிமைகளாக விற்கப்பட்டனர், மேய்ச்சல் நிலங்கள் பிறருக்கு வழங்கப்பட்டன. உயிர் பிழைத்தோரில் பெருந்தொகையினர் இரு திசைகளில் வெளியேறினர். ஒரு சாரார் தென்கிழக்கே குவெட்டா நகரை அடைந்தனர். மற்றொரு சாரார் மேற்கே ஈரானின் கொராசான் மாகாணத்துக்கு, குறிப்பாக மஷத் நகரப் பகுதிக்குச் சென்றனர்.

குவெட்டாவை அடைந்தவர்களிலிருந்து 1904-இல் பிரித்தானிய இந்திய அரசு 106-ஆம் ஹசாரா பயனியர் என்ற படைப்பிரிவை அமைத்தது. 1933-இல் அது கலைக்கப்பட்டது. ஈரானுக்குச் சென்றவர்களுக்கு அங்குள்ளோர் வழங்கிய பெயர்தான் 'பர்பரி'. காலப்போக்கில் அப்பெயர் இழிவாக ஒலித்தது. ரேசா ஷா ஆட்சியில் (1925–1941) அதற்கு மாற்றாக 'காவரி' என்ற பெயர் அரசு முறையில் வழங்கப்பட்டது. 'கிழக்குத் திசையினர்' என்பது அதன் பொருள். இன்று ஈரானில் மக்கட்பெயராகப் பர்பரி என்ற சொல் பெரும்பாலும் வழக்கிழந்துவிட்டது.

கிரேக்கர்கள் ஒருகாலத்தில் பாரசீகர்களுக்கு இட்ட பெயரின் ஒலியையே, பாரசீக மொழி பேசும் ஒரு நாடு, அதே மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த அகதிகளுக்கு இட்டது. அவ்வகதிகளின் மொழி ஈரானியருக்கு விளங்காத மொழியும் அன்று. இங்கு பெயரின் அடிப்படை பேச்சாக இல்லை. வந்தேறிகள் என்ற எண்ணமே அதற்குப் போதுமானதாக இருந்தது.

பர்பரி ரொட்டி

'நான்' என்றால் நம் ஊர் உணவகங்களில் தந்தூர் அடுப்பில் சுட்ட ஒருவகை ரொட்டி. பாரசீகத்தில் அது ரொட்டி என்பதற்கான பொதுச்சொல். 'நானே பர்பரி' என்றால் 'பர்பரியரின் ரொட்டி' என்று பொருள். கஜார் மன்னர் ஆட்சியின் இறுதிக் காலத்தில் டெகரான் நகருக்கு வந்த பர்பரியர் இந்த ரொட்டியைச் சுட்டு விற்றதால் இப்பெயர் வந்தது என்பது ஈரானில் வழங்கும் விளக்கம். 

ஈரானின் புகழ்பெற்ற மரபு ரொட்டிகள் 4. மெல்லிய தாள் போன்றது லவாஷ். வட்டமானது தப்தூன். சூடான கூழாங்கற்களின் மேல் சுடப்படுவது சங்கக்; 'சங்' என்றால் கல். நான்காவதான பர்பரி இவற்றுள் தடிமனானது. நீள்வட்ட வடிவில் ஏறத்தாழ 70 முதல் 80 செ.மீ. நீளமும், 25 முதல் 30 செ.மீ. அகலமும் இருக்கும்.

கோதுமை மாவு, நீர், உப்பு, ஈஸ்ட் ஆகியவற்றைப் பிசைந்து புளிக்க வைக்கின்றனர். மாவை நீளமாகத் தட்டி, அதன்மேல் 'ரூமால்' எனப்படும் கூழைப் பூசுகின்றனர். மாவும் சமையல் சோடாவும் நீரில் கலந்து காய்ச்சிய கூழ் இது. ரொட்டியின் மேற்பரப்பு பொன்னிறமாகவும் மொறுமொறுப்பாகவும் ஆவதற்கு இதுவே காரணம். பிறகு விரல் நுனிகளால் நீளவாக்கில் வரிகள் இட்டு, எள்ளோ கருஞ்சீரகமோ தூவி, நீண்ட மரத்துடுப்பில் வைத்து அடுப்பினுள் தள்ளுகின்றனர். வெளியே மொறுமொறுப்பும் உள்ளே மென்மையும் இதன் இயல்பு. காலையில் கடைகளின் முன் மக்கள் வரிசையில் நின்று சூடாக வாங்கிச் சென்று, வெண்பாலாடைக்கட்டியும் தேநீரும் சேர்த்து உண்பர்.

மக்களுக்கு இட்ட பெயர் இழிவென்று கைவிடப்பட்ட அதே நாட்டில், ரொட்டியின் பெயர் பெருமையோடு நிலைத்தது. இன்று பர்பரி வாங்குவோர் அப்பெயருக்குப் பின்னுள்ள அகதிகளை நினைப்பதில்லை. இருப்பினும், எழுதப்பட்ட வரலாற்றில் சில வரிகளே பெற்ற ஒரு குடிபெயர்வின் தடம், நாள்தோறும் ஆயிரக்கணக்கான வீடுகளின் காலை உணவில் பதிந்திருக்கிறது.

விலங்கு, செடி, பெண்பெயர்

உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா, ஆக்ரா, மதுரா, அலிகார் மாவட்டங்களிலும் பாகிஸ்தானின் சில பகுதிகளிலும் வளர்க்கப்படும் சிறிய ஆட்டினம் பர்பரி. வெள்ளை உடலில் பழுப்புப் புள்ளிகளும், நிமிர்ந்த சிறு காதுகளும் கொண்டது. கொட்டில் முறை வளர்ப்புக்கு ஏற்றது. இரட்டைக் குட்டிகள் ஈனுவது இயல்பு. பெர்பரா துறைமுகத்தின் பெயரே இந்த ஆட்டுக்கும் வந்தது என்பர். ஜிப்ரால்டர் பாறையில் வாழும் வாலற்ற குரங்கு 'பார்பரிக் குரங்கு' எனப்படுவது வட ஆப்பிரிக்கக் கரையின் பெயரால்.

மருந்துக்கும் உணவுக்கும் பயன்படும் ருபார்ப் என்ற செடியின் பெயர், இலத்தீனில் 'அயல்நாட்டு ரா' என்ற பொருளுடைய தொடரிலிருந்து வந்தது. கடல் கடந்து வந்த பொருள்களுக்குத் தமிழர் 'சீமை' என்ற அடைமொழி சேர்த்துச் சீமைக் கருவேலம், சீமை அகத்தி என்று சொல்வதை இதனோடு ஒப்பிடலாம். 'பார்பரா' என்ற பெண்பெயருக்கும் அயல்நாட்டுப் பெண் என்பதே பொருள். 1602-இல் புனித பார்பராவின் திருநாளையொட்டி எசுப்பானியக் கடலோடி விஸ்கைனோ கலிபோர்னியக் கடற்கரையில் இட்ட பெயரே இன்றைய சாந்தா பார்பரா நகரத்துக்கு உரியது.

உறவில்லாத ஒத்த ஒலிச் சொற்கள்

ஒலி ஒத்திருக்கும் எல்லாச் சொற்களும் இவ்வேரைச் சேர்ந்தவை அல்ல. முடிதிருத்துவோரைக் குறிக்கும் 'பார்பர்' என்ற ஆங்கிலச் சொல், தாடி என்னும் பொருளுடைய 'பார்பா' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அல்ஜியர்ஸை ஆண்ட கைருதீன் 'பார்பரோசா' பார்பரிக் கரையோடு தொடர்புடையவர் என்றாலும், அவரது பட்டப்பெயருக்குச் 'செந்தாடிக்காரர்' என்பதே பொருள். பார்படோஸ் தீவின் பெயரும் தாடியோடு தொடர்புடையதே. 'பார்பெக்யூ' கரீபியத் தீவுகளின் தைனோ மொழிச் சொல். ஒலி ஒற்றுமையை மட்டும் நம்பிச் சொல்லுக்கு வேர் காண்பது தவறான முடிவுக்கே இட்டுச் செல்லும்.

இன்றைய நிலை

2004-ஆம் ஆண்டின் ஆப்கானிஸ்தான் அரசியலமைப்பு ஹசாரா மக்களை நாட்டின் இனங்களுள் ஒன்றாகப் பெயர் சொல்லி ஏற்றது. 2005-இல் பாமியான் மாகாணத்தின் ஆளுநராகப் பொறுப்பேற்ற ஹபீபா சராபி, அந்நாட்டின் முதல் பெண் ஆளுநர். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் டேக்வாண்டோவில் வெண்கலம் வென்று, ஆப்கானிஸ்தானுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தைப் பெற்றுத் தந்தவர் ருகுல்லா நிக்பாய். இருவரும் ஹசாரா இனத்தவர். எனினும் இம்மக்களின் துயரம் தீர்ந்துவிடவில்லை. 2013 ஜனவரி 10 அன்று குவெட்டாவில் அவர்கள் வாழும் பகுதியில் நடந்த குண்டுவெடிப்புகள் அண்மைக்கால வரலாற்றின் கொடிய நிகழ்வுகளுள் ஒன்று.

ஒரு மக்கள் கூட்டத்துக்குப் பிறர் இடும் பெயரும், அவர்கள் தமக்கு இட்டுக்கொள்ளும் பெயரும் ஒன்றாக இருப்பதில்லை. வரலாற்று நூல்களில் நாம் படிக்கும் இனப்பெயர்கள் பலவும் முதல்வகையைச் சேர்ந்தவை. பர்பரி என்ற சொல்லைக் காணும்போது, அது எந்த நாட்டைக் குறிக்கிறது என்பதோடு, அதை இட்டவர் யார், அவருக்குப் புரியாமல் போன மொழி எது என்றும் கேட்டுப் பார்ப்பது வரலாறு படிப்போருக்குப் பயன்தரும்.